மல்லாட்டைக் கொல்லைக்கு வரப்போர ஆமணக்கு

ஆடிப்பட்டத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கும் அன்றைக்கே வரப்போரம் ஆமணக்கையும் ஊன்றிவிடுங்கள். இலை தின்னும் புரொடீனியா புழுவுக்கு அடிக்கும் மருந்துச் செலவு பெருமளவு மிச்சமாகும்.

அதன் தாய் அந்துப்பூச்சிக்கு அகன்ற ஆமணக்கு இலை என்றால் கொள்ளை ஆசை. அங்கேதான் ஒரே திட்டாக நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு, மேலே பழுப்பு ரோமத்தால் மூடி வைக்கும். மூன்று, நான்கு நாளில் பொரியும் குஞ்சுப் புழுக்கள் கும்பலாக ஒரே இலையின் பச்சையைச் சுரண்டுவதால், அந்த இலை மட்டும் வெளுத்துச் சல்லடையாகத் தெரியும். முட்டைத் திட்டோ வெளுத்த இலையோ கண்ணில் பட்டால் அப்படியே கிள்ளி, சோப்புத் தண்ணீர் வாளியில் அமுக்குங்கள். நூறு புழுவுக்கு ஒரு இலை!

வாரம் இருமுறை பார்க்க ஆளில்லை என்றால் ஆமணக்கே வேண்டாம், அதுவே புழுப் பண்ணையாகிவிடும். புழு பெருத்துப் பிரிந்துவிட்டால் பகலில் மண்ணுக்குள் பதுங்கும். இலை கிள்ளிப் பயனில்லை. சுருள்பூச்சிக்கும் இது உதவாது, அது மல்லாட்டை இலையிலேயே ஒவ்வொன்றாக முட்டையிடும். வேலூர் மாவட்டத்தின் குடியாத்தம், அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் ஆமணக்கை நெருக்கி ஊன்றாதீர்கள், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.