முதுமலை புலிகள் காப்பகத்துக்குப் பிள்ளைகளோடு போகிறீர்களா?

"புலி பார்க்கலாம்" என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். புலி வராது, பிள்ளை முகம் தொங்கிவிடும். அதற்குப் பதில் ஒரு துப்பறியும் வேலையைக் கொடுங்கள். மரத்தில் கருப்பு முக மந்திகள் இருந்தால், கீழே புள்ளிமான் நிற்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். மந்திகள் தின்றுவிட்டு உதிர்க்கும் இலை, காய்களுக்காக மான்கள் அங்கே கூடும். மேலிருந்து மந்தி பதறிக் கத்தினால் மான்கள் உஷாராகிவிடும். இதைச் சொல்லிவிட்டால் போதும், சஃபாரி வண்டிக்குள் சத்தமே இருக்காது (எங்கள் வீட்டு வாலே அடங்கியது!). யானை லத்தி, மலை அணிலின் கூடு எல்லாமே துப்புக் கணக்கில் சேரும்.

சஃபாரியில் வண்டியை விட்டு இறங்க முடியாது. அதனால் ஏறும் முன்பே கழிப்பறைக்குக் கூட்டிப் போய்விடுங்கள். காலைப் பயணம் என்றால் ஸ்வெட்டர் வேண்டும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எனவே வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில்.

அப்புறம், தெப்பக்காடு முகாமில் வளர்ப்பு யானைகளுக்கு உணவு கொடுப்பதைப் பார்க்கலாம். அந்த நேரத்தை முதலில் விசாரித்துக்கொண்டு, மற்றதை அதைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.