மீன் மாதிரி எடுக்கும்போது நடக்கும் தவறுகள்: கரைக்குப் புதிதாக வரும் மீன்வள உயிரியலாளருக்கு

கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை என்றதும் பலருக்கு நுண்ணோக்கியும் ஆய்வுக் கப்பலும் நினைவுக்கு வரும். மீன்வள உயிரியலாளரின் நாள் பெரும்பாலும் விடிவதற்கு முன்பே, மீன் இறங்குதளத்தின் ஈரத் தரையில், ஏலக் குரல்களுக்கு நடுவே தொடங்குகிறது. கையில் ஓர் அளவுப் பலகை, ஒரு தராசு, தண்ணீர் பட்டாலும் எழுத்து அழியாத பென்சில். ஒரு மீன் இனம் குறைந்துவருகிறதா, எத்தனை சென்டிமீட்டருக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று பின்னால் அரசுக்குச் சொல்லப்படும் எண்கள் இந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. கணினியில் செய்த பிழையை அடுத்த நாள் திருத்திவிடலாம். கரையில் தவறாக எடுத்த மாதிரியைத் திருத்த முடியாது. அந்த மீன் ஏலம் போய், ஐஸ் போட்டு, லாரி ஏறியிருக்கும்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள மண்டபம் என்ற ஊரை வைத்தே பேசுகிறேன். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை இங்கேதான் தலைமையகம் வைத்திருந்தது. இன்றும் அதன் வட்டார மையம் ஒன்று இங்கே இருக்கிறது. அதைவிட முக்கியம், ஒரே ஊருக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கரையில் செய்யக்கூடிய பல தவறுகள் இந்த ஊரில் தெளிவாகப் புரியும்.

எந்த நாள், எந்தக் கடல்

புதிதாக வருபவர் செய்யும் முதல் தவறு, தனக்கு வசதியான நாளில் தளத்துக்குப் போவது. பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரத்துக்கு மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகு காலையில் போய் மறுநாள் காலையில் திரும்பும். நீங்கள் ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில் போனால், ஒன்று விசைப்படகு மீனை மட்டும் பார்ப்பீர்கள், இல்லையென்றால் அதைப் பார்க்கவே மாட்டீர்கள். கிறிஸ்தவ மீனவர்கள் அதிகமுள்ள கரைகளில் ஞாயிற்றுக்கிழமை கடல் வேலை இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் நாளை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல எடுக்க வேண்டும் என்கிறார்கள். இந்தியக் கடற்கரை முழுவதற்குமான மீன்பிடிக் கணக்கெடுப்பு முறையே அப்படி அமைந்ததுதான்: முதல் நாள் நண்பகல் முதல் மாலை வரை, மறுநாள் காலை ஆறு முதல் நண்பகல் வரை நேரில் பார்ப்பது, இடையில் இரவில் இறங்கிய மீனை விசாரித்து எழுதுவது. "அந்த நேரத்தில் படகு வராது" என்று நாமே முடிவு செய்து வீட்டுக்குப் போய்விட்டால் இரவு மீன் முழுவதும் கணக்கில் இல்லாமல் போகும்.

அடுத்தது, மீன் இறங்கிய இடத்தையே பிடிபட்ட இடமாக எழுதிவிடுவது. காற்று மாறும்போது படகுகள் கடல் மாறும். வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும். மீனவர்கள் அமைதியான பக்கம் தொழிலுக்குப் போவார்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, மன்னார் வளைகுடாவில் தீவுகளைத் தாண்டினால் ஆழம் கூடும். இரண்டு கடலின் காரலையும் இறாலையும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டால், "ஜூலையில் மீனின் அளவு திடீரென்று மாறியது" என்று ஒரு முடிவு வரும். மாறியது மீன் அல்ல, கடல். "அண்ணே, இன்னைக்கு வடகடலா தென்கடலா, எத்தனை பாகத்துல வலை விட்டீங்க?" என்று கேட்க அரை நிமிடம் போதும். பாகம் என்பது மீனவர்கள் ஆழத்தைச் சொல்லும் அளவு.

தடைக்காலத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2017-க்கு முன் இது 45 நாளாக இருந்தது. பழைய ஆண்டுகளின் மே, ஜூன் கணக்கை இப்போதைய கணக்கோடு ஒப்பிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தடை முடிந்த முதல் வாரத்தில் படகுகள் நிறையக் கொண்டுவருவதைப் பார்த்து "மீன்வளம் மீண்டுவிட்டது" என்று எழுதுவதும் அவசரம். இரண்டு மாதம் கைபடாமல் சேர்ந்த மீன் அது. மீண்டதா இல்லையா என்பதை ஆகஸ்டு, செப்டம்பரில் என்ன கிடைக்கிறது, அடுத்தடுத்த ஆண்டுகளில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சீலா என்றால் எந்த மீன்?

தூத்துக்குடியிலும் ராமநாதபுரத்திலும் சீலா என்பது சென்னைக்காரர் வஞ்சிரம் என்று சொல்லும் மீன். கன்னியாகுமரியில் அதுவே நெய்மீன். ஆனால் சென்னையில் சீலா என்று கேட்டால் கையில் வருவது வேறு மீன், இங்கே ஊளி என்று சொல்வார்களே, அது. கானாங்கெளுத்தி இங்கே கும்பளா, குமரியில் அயிலை. ஊர்ப்பெயரை மட்டும் எழுதிவைத்து, நிலையத்துக்கு வந்து பட்டியல் பார்த்து அறிவியல் பெயரை நிரப்பினால் இரண்டு இனங்கள் ஒன்றாகிவிடும், அல்லது ஒன்று இரண்டாகிவிடும். ஊர்ப்பெயரை எழுதுங்கள், அது மிகவும் வேண்டியது. கூடவே மீனைக் கையில் எடுத்து அடையாளங்களைச் சரிபாருங்கள், நிறம் மங்குவதற்குள் படம் எடுங்கள்.

காரல், சூடை போன்ற கூட்டங்களில் ஒன்றுபோல் தோன்றும் பல இனங்கள் ஒரே கூடையில் கிடக்கும். சந்தேகம் வந்தால் இனப்பெயரை ஊகித்து நிரப்பாமல், நெருங்கிய இனங்களின் பொதுப்பெயரான பேரினத்தோடு நிறுத்திக்கொண்டு, ஒரு மாதிரியைப் பாதுகாத்து வையுங்கள். பெயர்கள் பின்னால் மாறவும் செய்யும். ஒரே இனம் என்று பல காலம் நினைத்திருந்த நீலக்கால் நண்டை 2010-ல் நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். அலமாரியில் மாதிரி வைத்திருந்தவர்கள் மட்டுமே பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்துச் சரிசெய்ய முடிந்தது.

குவியலிலிருந்து எடுக்கும் மாதிரி

எனக்கு மிகவும் வருத்தம் தந்த தவறு இது. வேலைக்கு வந்த முதல் ஆண்டில் மூன்று மாதம் தினமும் கும்பளா அளந்தேன். நூற்றுக்கணக்கான நீளங்கள். மூத்தவர் ஒருவர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எந்தத் தரத்துக் குவியல்? அந்தக் குவியல் மொத்தம் எத்தனை கிலோ?" என்று கேட்டார். நான் எழுதவில்லை. மூன்று மாத உழைப்பும் அப்படியே கிடப்பில் போனது.

ஏன் என்று ஓர் எளிய கணக்கில் காட்டுகிறேன். ஒரு படகு 400 கிலோ மீன் கொண்டுவருகிறது. கரையில் இறக்கும்போதே பெரியது, சிறியது என்று பிரித்துவிடுகிறார்கள். பெரியது 100 கிலோ, சிறியது 300 கிலோ. நீங்கள் இரண்டிலும் பத்துப் பத்துக் கிலோ எடுத்து அளக்கிறீர்கள். பெரியதில் 20 மீன், சிறியதில் 200 மீன். அப்படியே கூட்டினால் 220-ல் 20, அதாவது சுமார் 9 சதவீதம் பெரிய மீன். ஆனால் பெரிய குவியல் நீங்கள் எடுத்ததைப் போல் பத்து மடங்கு, சிறியது முப்பது மடங்கு. பெருக்கினால் பெரியது 200, சிறியது 6000. இப்போது பெரிய மீனின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். அதே மீன், அதே படகு, அதே அளவுப் பலகை. குவியலின் மொத்த எடை என்ற ஒரே ஓர் எண்ணை எழுதாமல் விட்டதால், சிறு மீன்கள் அதிகம் பிடிபடும் ஓர் இடம் ஆரோக்கியமாக இருப்பதுபோல் தோன்றிவிடுகிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, சங்காயத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. மீன்தூளுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகும் அந்தக் குவியல் ஓரமாகக் கிடக்கும், நாற்றமும் அடிக்கும், யாரும் அருகில் போக விரும்ப மாட்டார்கள். விலை உள்ள பல மீன்களின் குஞ்சுகள் அதில்தான் இருக்கின்றன. அதைக் கிளறாமல் ஒரு மீனின் இளம்பருவத்தைப் பற்றி எழுதவே கூடாது என்பது என் கருத்து. அப்புறம், வெறும் வலையோடு திரும்பிய படகும் ஒரு தகவல்தான். மீன் கொண்டுவந்த படகுகளை மட்டும் எழுதினால் சராசரி பொய்யாக ஏறிவிடும்.

அளவு, செவிக்கல், ஃபார்மலின்

எந்த நீளம் என்று எழுதாத நீளம் பயன்படாது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரையா, வால் கவட்டை வரையா, வால் தொடங்கும் இடம் வரையா? இறாலுக்கும் நண்டுக்கும் ஓட்டின் அளவு, கணவாய்க்கு உடலுறையின் நீளம், வால் ஒடிந்து வரும் திருக்கைக்கு உடலின் அகலம். ஒரே குழுவில் இருவர் இருவிதமாக அளந்து கலந்துவிட்டால் பிரிக்க வழியில்லை. மாதிரி கெடாமல் வைக்கும் திரவமான ஃபார்மலினில் மீனைப் போட்ட பிறகும் அளக்காதீர்கள், சுருங்கிவிடும்.

ஃபார்மலின் செய்யும் தீங்கு அதோடு நிற்பதில்லை. சாதாரண ஃபார்மலின் அமிலத்தன்மை உள்ளது, மீனின் தலைக்குள் காதுப் பகுதியில் இருக்கும், வளையங்களை எண்ணி வயதைப் படிக்க உதவும் சிறு கல்லான செவிக்கல்லைக் கரைத்துவிடும். செவிக்கல் வேண்டுமென்றால் முதலிலேயே எடுத்துக் கழுவி, உலர்த்தி, சிறு உறையில் வையுங்கள். மரபணுச் சோதனைக்குத் துடுப்புத் துண்டையோ தசையையோ எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலினில் ஊறியதிலிருந்து நல்ல மரபணு கிடைப்பது கடினம். உடலுக்கும் அது கெடுதி, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. காற்றோட்டமில்லாத அறையில் கையுறை இல்லாமல் ஜாடி திறக்கும் பழக்கத்தை, யார் செய்து பார்த்திருந்தாலும், நீங்கள் தொடராதீர்கள்.

நம் வெப்பக் கடல்களில் செவிக்கல் வளையங்கள் குளிர்நாட்டு மீன்களில் போலத் தெளிவாக இருப்பதில்லை. அதனால் பலரும் நீளப் பரவலை, அதாவது எந்த நீளத்தில் எத்தனை மீன் என்ற கணக்கை, மென்பொருளில் கொடுத்து வளர்ச்சியைக் கணிக்கிறோம். மென்பொருள் எதைக் கொடுத்தாலும் ஒரு விடை தரும், ஆபத்தே அதில்தான். செவுள் வலை தன் கண்ணுக்குப் பொருந்தும் அளவு மீனைத்தான் பிடிக்கும். சிறியது நுழைந்து போய்விடும், பெரியது மாட்டாது. அந்த வலையின் மீனை மட்டும் அளந்தால் ஒவ்வொரு மாதமும் வரைபடத்தில் ஒரே இடத்தில் ஒரு மேடு நிற்கும். அது ஒரு வயதுக் கூட்டம் அல்ல, வலைக்கண்ணின் அளவு. வலைக்கண்ணை அளந்து எழுதுங்கள், பலவகை வலைகளிலிருந்தும் மாதிரி எடுங்கள்.

சினை முதிர்ச்சி பார்ப்பவர்கள் ஆண்டு முழுவதும் பார்க்க வேண்டும். சினை அதிகமாக இருக்கும் இரண்டு மாதத்தில் மட்டும் மீன் வாங்கி அறுத்துவிட்டு முதல் முதிர்ச்சி அளவை, அதாவது மீன் முதன்முதலில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் நீளத்தை, சொல்லக் கூடாது.

படகுக்கு எவ்வளவு என்ற கணக்கு

மொத்தப் பிடிப்பு கூடினால் கடலில் மீன் கூடியது என்று பொருளில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் படகுக்கு எவ்வளவு என்று வகுக்கிறோம், அதிலும் சறுக்குகிறோம். ஒரு நாள் போய் எட்டு மணி நேரம் இழுத்து 400 கிலோ கொண்டுவரும் படகு, சில ஆண்டுகள் கழித்து நான்கு நாள் தங்கி நாற்பது மணி நேரம் இழுத்து 1200 கிலோ கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு மூன்று மடங்கு ஏற்றம். மணிக்கு எவ்வளவு என்று பார்த்தால் 50 கிலோ 30 கிலோவாகக் குறைந்திருக்கிறது. எஞ்சினின் குதிரைத்திறன், ஜிபிஎஸ், ஒலியால் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் எக்கோ சவுண்டர் எல்லாம் கூடியிருந்தால் உண்மையான வீழ்ச்சி இன்னும் பெரியது. படகு எண்ணிக்கை, நாள், இழுத்த மணி, எஞ்சின் நான்கையும் கேட்டு எழுதுங்கள்.

கரையில் இருப்பவர்களோடு

ஏலம் நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் முடிவாகிறது. மீனை இலவசமாகக் கேட்காதீர்கள், விலை கொடுத்து வாங்குங்கள். வயிறு அறுக்க வேண்டிய மீனுக்கு முழு விலை கொடுங்கள், அளக்க மட்டும் எடுத்ததை நசுக்காமல் ஐஸோடு திருப்பிக் கொடுங்கள். மீன் விற்கும் அக்காமார்களிடம் பேசாமல் போவதும் ஒரு தவறு. எந்த மாதம் சினை மீன் அதிகம், எந்த அளவு மீன் வரத்து நின்றுபோனது என்பது தினமும் மீன் அறுக்கும் அவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் அதிகாரி அல்ல என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். சிறு மீன் கொண்டுவந்த படகின் எண்ணை வேறு யாரிடமாவது சொல்லிவிட்டால், அடுத்த நாளிலிருந்து அந்தத் தளத்தில் உங்களுக்கு உண்மையான தகவல் கிடைக்காது. உங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்குப் பின் வருபவருக்கும் கிடைக்காது.

கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. வலையில் செத்து வந்ததுதானே என்று அனுமதி இல்லாமல் நிலையத்துக்கு எடுத்துவந்து ஜாடியில் போடக் கூடாது. ஆய்வு என்ற காரணம் தானாக அனுமதியாகிவிடாது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் இதே பேச்சுதான், வனத்துறையின் அனுமதி கையில் வந்த பிறகே படகு ஏறுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது, நீங்கள் எடுத்த கணக்கு என்ன காட்டியது என்று அந்தத் தளத்துக்கே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். படகு கட்டியிருக்கும் நேரமாகப் பாருங்கள், தடைக்காலத்தில் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தாளில் வரைபடம் போதும். "இந்த வருசம் எங்க வலைக்கண்ணை மாத்திட்டோமே, அதை எழுதலையா?" என்று யாராவது கேட்பார்கள். அங்கேயே உட்கார்ந்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.