சவுக்குக் கழி இல்லாத சாரம்: வீட் கருவியை நிறுவுவது எப்படி?

நான் குடியிருப்பது புதுச்சேரியில், சாரம் பகுதியில். கட்டட வேலையிலும் ஒரு சாரம் உண்டு: சவுக்குக் கழிகளைக் கயிற்றால் பிணைத்துக் கொத்தனார் ஏறி நிற்க வழி செய்வது. இணையச் செயலி எழுதுகிறவருக்கும் அப்படி ஒன்று வேண்டும். எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்று ஆரம்பக் கூட்டை ஒரே கட்டளையில் எழுப்பித் தரும் கருவிகள் இருக்கின்றன. வித்தியாசம் ஒன்றுதான்: பூச்சு முடிந்ததும் கொத்தனார் சாரத்தைப் பிரித்துவிடுவார், இந்தச் சாரம் கட்டடத்தோடேயே நின்றுவிடும். அதனால் கட்டும்போதே கவனமாகக் கட்ட வேண்டும்.

புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்வது வீட். வியூ என்ற இணையச் செயலிக் கட்டமைப்பை உருவாக்கிய எவன் யூ என்பவர் 2020இல் தொடங்கியது. பிரெஞ்சில் ‘விரைவாக’ என்று பொருள். ‘வைட்’ என்று படிப்பவர்கள் நிறைய; இந்த ஊரில் அப்படிச் சொன்னால் பிரெஞ்சு படித்த பெரியவர் யாராவது திருத்திவிடுவார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அக்கா மகனுக்கு இதைத் தொலைபேசியில்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர்களுடைய முந்திரிக் கடைக்கு ஒரு விலைப்பட்டியல் பக்கம் வேண்டுமாம். அவனுக்குச் சொன்னதுபோலவே கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுத் தட்டுங்கள்.

முதலில் நோட் ஜேஎஸ்: உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள், வீட் ஓட அது வேண்டும். அதன் தளத்தில் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) என்று குறித்திருக்கும் பதிப்பை இறக்கி நிறுவுங்கள். பொதிகளை இறக்கி நிறுவும் என்பிஎம் கூடவே வந்துவிடும். கட்டளை தட்டும் டெர்மினல் ஏற்கெனவே திறந்திருந்தால் அதை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். பழைய டெர்மினலுக்கு நோட் வந்த சேதியே தெரியாது. ‘நோட்’, இடைவெளி, கழித்தல் குறி, அதை ஒட்டி ‘வி’ என்று தட்டினால் பதிப்பு எண் தெரியும். வீட் 7க்கு 20 வரிசையில் என்றால் குறைந்தது 20.19, இல்லையென்றால் 22.12 அல்லது அதற்கு மேல் இருந்தாக வேண்டும்.

விண்டோஸ் பவர்ஷெல்லில் ‘என்பிஎம்’ என்று தொடங்கியதுமே, ஸ்கிரிப்டுகளை இயக்க அனுமதியில்லை என்று சிவப்பில் ஒரு பத்தி வரலாம். கணினி கெட்டுவிடவில்லை. அதே கட்டளையை விண்டோஸின் இன்னொரு டெர்மினலான கமாண்ட் ப்ராம்ப்டில் கொடுங்கள், ஓடும். அக்கா மகனுக்கு இதிலேயே அரை மணி நேரம் போயிற்று.

இனிச் சாரம் கட்டலாம். ‘என்பிஎம் கிரியேட் வீட்’, அதோடு ஒட்டி அட் குறி, ‘லேட்டஸ்ட்’. வீட் என்பது நான்கு எழுத்து: வி, ஐ, டைகருக்கு வரும் டி, கடைசியில் இ. முதல் தடவை என்றால் ஒரு பொதியை இறக்கலாமா என்று கேட்கும், ஒய் தட்டுங்கள். அடுத்தது திட்டத்தின் பெயர். அக்கா மகன் பெரிய எழுத்தில், நடுவே இடைவெளியும் விட்டு ‘முந்திரி கடை’ என்று தட்டினான். பொதிக்குச் சிற்றெழுத்தும் இணைப்புக்குறியுமாக ஒரு பெயரைக் கருவியே முன்மொழிந்தது. கோப்புறைக்கோ அவன் தட்டிய பெயரே நின்றுவிட்டது. பெயரில் இடைவெளி இருந்தால் பின்னால் தலைவலி. அழித்துவிட்டுத் திரும்பச் செய்யச் சொன்னேன்.

அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்புறை இருந்து, அதற்குள் கோப்புகளும் இருந்தால் மூன்று வழி காட்டும்: விலகு, இருப்பதை அழித்துவிட்டுத் தொடர், இருப்பதைக் கண்டுகொள்ளாமல் தொடர். தயவுசெய்து இந்த இடத்தில் நிதானியுங்கள். ஒருமுறை நான் பேச்சு சுவாரசியத்தில் அழிப்பதன் மேல் என்டர் தட்டிவிட்டேன். படங்கள், குறிப்புகள் எல்லாம் ஒரு நொடியில் போயின. கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரலாறு இருந்தால் அதை மட்டும் இந்தக் கருவி தொடாது, மீட்டிருக்கலாம். நான் கிட் வைத்திருக்கவில்லை.

எந்தக் கட்டமைப்பு என்று கேட்கும்போது வேனிலாவையும் (கட்டமைப்பு எதுவும் வேண்டாம் என்று பொருள்), பிறகு ஜாவாஸ்கிரிப்ட்டையும் தேர்ந்தெடுங்கள். எல்லாரும் ரியாக்ட் என்ற கட்டமைப்பைச் சொல்வார்கள். நான்கு ரக முந்திரியின் விலையைக் காட்ட ரியாக்ட் எதற்கு? புதிய பதிப்புகள் ‘இப்போதே நிறுவி ஓட்டவா’ என்றும் கேட்கும். முதல் தடவை வேண்டாம் என்று சொல்லிக் கையாலேயே செய்யுங்கள். ‘சிடி’, இடைவெளி, திட்டத்தின் பெயர் கொடுத்துத் திட்டக் கோப்புறைக்குள் போய் ‘என்பிஎம் இன்ஸ்டால்’, அது முடிந்ததும் ‘என்பிஎம் ரன் டெவ்’.

லோக்கல்ஹோஸ்ட் 5173 என்று ஒரு முகவரி வரும். ரோமன் எண்ணில் 5 என்பது வி; 173ஐக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஐ, டி, இ. சேர்த்துப் படித்தால் வீட். முகவரியை உலாவியில் திறந்து வையுங்கள். எஸ்ஆர்சி கோப்புறையில் உள்ள மெயின் ஜேஎஸ் கோப்பில் தலைப்பை மாற்றிச் சேமித்தால், பக்கம் தானே மாறிக்கொள்ளும். நிறுத்த கன்ட்ரோலும் சியும்.

திட்டத்தைப் பென் டிரைவில் கொண்டுபோவதானால் நோட் மாட்யூல்ஸ் கோப்புறையை விட்டுவிடுங்கள். அதில் பொடிப்பொடியாக ஏராளமான கோப்புகள். நகல் முடிவதற்குள் பொழுது போய்விடும். போன இடத்தில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கொடுத்தால் திரும்ப வந்துவிடும்.

வெளியிடத் தயாரானதும் ‘என்பிஎம் ரன் பில்ட்’. டிஸ்ட் என்ற கோப்புறை உருவாகும். சர்வரில் ஏற்ற வேண்டியது அதில் இருப்பதை மட்டுமே. அக்கா மகன் அதற்குள் இருந்த இன்டெக்ஸ் கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்துவிட்டு, “மாமா, வெறும் வெள்ளையாக இருக்கிறது” என்றான். அப்படித்தான் இருக்கும். சர்வர் இல்லாமல் நேரடியாகத் திறந்தால் உலாவி ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களை ஏற்றாது. ‘என்பிஎம் ரன் பிரிவியூ’ கொடுத்து லோக்கல்ஹோஸ்ட் 4173க்குப் போகச் சொன்னேன். பட்டியல் வந்துவிட்டது. முழுப் பருப்புக்குப் பழைய விலையைப் போட்டிருக்கிறான் என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.