காலையில் ஸ்டார்ட் ஆகாத டீசல் கேம்பர் வேன்: பம்பைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நான் வைத்திருப்பது இங்கே இலங்கையில் எல்லோரும் டொல்பின் என்று கூப்பிடும் பழைய ஹைஏஸ். 2.8 லீட்டர் 3எல் டீசல் எஞ்சின், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. பின் சீட்டுகளை எடுத்துவிட்டுக் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு தங்குகிற வேனாக்கியிருக்கிறேன். இப்படி மாற்ற நினைப்பவர்கள் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிட்டுக் கை வையுங்கள். அந்த வேலையைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

இந்த வேன் எங்கள் மலை ஊரான பண்டாரவளையில் விடிகாலையில் ஸ்டார்ட் ஆகாமல் இழுத்தடித்தது. கொழும்புப் பக்கம் போய் நின்றால் ஒரே சாவியில் பிடிக்கும். ஊருக்கு வந்தால் மறுபடி அதே கதை. பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கை மாற்றச் சொன்னார்கள், கடைசியில் ஒரு கராஜில் டீசல் பம்பையே கழற்ற வேண்டும் என்றார்கள். கோளாறு இருந்தது டீசல் ஃபில்டரின் ரப்பர் வளையத்தில்! பம்ப் வேலைக்குக் கேட்ட பணத்தோடு ஒப்பிட்டால் அந்த வளையம் சில்லறைக் காசு. பழைய டீசல் வேன் வாங்கி மலையில் ஓட்டப் போகிறவர்கள் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

1. முதலில் புகை

ஒருவர் சாவி போடட்டும், இன்னொருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். செல்ஃப் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் டீசல் போய்ச் சேருகிறது, சூடுதான் போதவில்லை. ஹீட்டர் பிளக், அதன் ரிலே, அதுவும் சரியென்றால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு, இவற்றைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. பிடித்துச் சில விநாடி ஓடி, தடுமாறி நின்றால் லைனில் காற்று. என் வேன் மூன்றாவது வகை.

2. ஒரு இரவு மூக்கைப் பள்ளத்தைப் பார்க்க நிறுத்துங்கள்

செலவே இல்லாத சோதனை இது. டொல்பினில் எஞ்சின் முன்னால், சீட்டுக்கு அடியில். டீசல் டேங்க் பின்னால், தாழ்வாக. இடையில் தள்ளிவிடுகிற பம்ப் எதுவும் இல்லை, இஞ்செக்ஷன் பம்ப்தான் (கராஜில் கழற்றச் சொன்ன அதே டீசல் பம்ப்) டீசலை உறிஞ்சி எடுக்கிறது. ஆகவே லைனில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். எவ்வளவு தேடினாலும் ஈரம் தெரியாமல் போவது இதனால்தான்.

மேட்டைப் பார்த்து வேனை நிறுத்தினால் எஞ்சின் டேங்கைவிட இன்னும் உயரப் போய்விடுகிறது. அந்த ஓட்டை வழியாகக் காற்று நுழைய நுழைய, இரவு முழுக்க டீசல் டேங்குக்கே திரும்பி இறங்குகிறது. காலையில் பம்ப் வெறும் காற்றை உறிஞ்சுகிறது. நம் ஊரில் சமதளமாக நிறுத்த இடம் ஏது? கொழும்பில் ஏன் பிடித்தது என்பதற்கும் காரணம் இதுதான்.

மறுநாள் இரவு மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். ரிவர்ஸ் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, டயருக்குக் கல் வைக்க மறக்க வேண்டாம். அன்று காலை ஒழுங்காகப் பிடித்தால் காற்று நுழைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். குளிர் இரண்டு நாளும் ஒன்றுதான், பேட்டரியும் அதேதான்.

3. ஃபில்டரிலிருந்து தண்ணீர் எடுப்பது

எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபில்டருக்கு அடியில் அகலமான பாத்திரம் ஒன்றை வையுங்கள். அடியில் உள்ள பிளாஸ்டிக் திருகைக் கையாலேயே கொஞ்சம் தளர்த்தி, மேலே உள்ள கைப்பம்பை அமுக்குங்கள். வருவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியிலும் டீசல் மேலேயும் நடுவில் கோடு போட்ட மாதிரி பிரிந்து நிற்கும். சுத்தமான டீசல் வரும் வரை அமுக்கிவிட்டுத் திருகைக் கையாலேயே மூடுங்கள். குறடு போட்டால் அது வெடிக்கும், அப்புறம் அதுவே புதிய ஓட்டை.

மலையகத்தில் பகலில் வெயில், இரவில் குளிர். பாதி காலியான டேங்கின் உள் சுவரில் ஈரம் படிந்து தண்ணீராக அடியில் சேர்கிறது. மழைக் காலத்தில் நான் மாதம் ஒருமுறை இதைச் செய்கிறேன். டேஷ்போர்டில் ஃபில்டர் விளக்கு எரியும் வரை காத்திருக்க வேண்டாம். ராத்தங்கலுக்கு முன் டேங்கை நிரப்பிவிடுவது நல்ல பழக்கம். ஷெட்டில் பவுசர் டீசல் இறக்கிக்கொண்டிருந்தால் நான் அடிப்பதில்லை. நிலத்தடி டேங்கில் உள்ள அடிமண்டி அப்போது கலங்கும்.

4. ரப்பர் வளையம்

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். ஃபில்டரைக் கழற்ற நான் துணிப் பட்டை வைத்த ஸ்பேனரைத்தான் பயன்படுத்துகிறேன். சங்கிலி வகை டப்பாவை நசுக்கிவிடுகிறது. ஃபில்டர் கழன்று வந்ததும் மேலே, அது பூட்டியிருந்த தலைப் பகுதியின் அடியில் விரலை விட்டுச் சுற்றித் தடவுங்கள். பழைய ரப்பர் வளையம் பல வேளை அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். டீசல் கறுப்பும் அதன் கறுப்பும் ஒன்றாகிப் போவதால் டார்ச் அடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தட்டுப்படும். அதன் மேலேயே புது ஃபில்டரைப் பூட்டினால் இரண்டு வளையமும் வழுகி, ஒரு பக்கம் காற்றுக்கு வழி விடும். என் வேனில் முன்பு யாரோ பூட்டிய ஃபில்டருக்குள் இப்படி இரண்டு வளையம் இருந்தது.

பழையதை எடுத்துவிட்டு, துணியால் துடைத்து, புது வளையத்தில் டீசல் தடவிக் கையால் பூட்டுங்கள். பிறகு கைப்பம்பை அமுக்குங்கள். முதலில் மெத்தென்று போகும், போகப் போக இறுகும். கல் மாதிரி ஆனதும் ஸ்டார்ட் செய்யுங்கள்.

இதற்கும் சரிவரவில்லை என்றால் ஃபில்டருக்கும் இஞ்செக்ஷன் பம்புக்கும் இடையில் தற்காலிகமாக ஒளி ஊடுருவும் ஹோஸ் துண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் காற்று நுழைவது அதற்கு முன்னால்தான். பார்த்து முடித்ததும் பழையபடி டீசல் ஹோஸையே போடுங்கள். கிளிப் வாங்கும்போது உள்பக்கம் வழவழப்பாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பள்ளம் வெட்டிய வகை சிறிய ஹோஸைக் கடித்துவிடும்.

5. ஹீட்டர் பிளக்

நான்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றி, மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாதது செத்த பிளக். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும். அங்கே டேஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகும் ஒருமுறை சாவியை மூடித் திறந்து மறுபடி சூடேற்றிவிட்டே நான் செல்ஃப் அடிப்பேன். அந்த உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சினுக்குக் காற்றும் குறைவு, அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். ஏற்றத்தில் கறுப்புப் புகை கொஞ்சம் கூடினால் பயப்படாமல் ஒரு கியர் குறையுங்கள். ஏர் ஃபில்டர் மட்டும் சுத்தமாக இருக்கட்டும்.

இறக்கத்தைப் பற்றி ஒன்று

வேன் ஓடத் தொடங்கியதும் அடுத்த கவலை இறங்குவது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்குப் போனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை அணைப்பதும் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். இந்த எஞ்சினில் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கிறது. எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும், நாலைந்து மிதிக்குள் பிரேக் கட்டையாகிவிடும். ஏற எந்தக் கியர் வேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்குங்கள்.

பிரேக் ஒயிலும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 4 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிவிடலாம். இறக்கத்தில் பிரேக் சூட்டில் அது கொதித்தால் பிரேக் பிடிக்காது. கட்டில், அலமாரி, 100 கிலோ தண்ணீரோடு இறங்குகிற வேனுக்கு இது சின்ன விஷயமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். தண்ணீர் டேங்கைத் தங்குகிற இடத்துக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: கைப்பம்ப் எவ்வளவு அமுக்கினாலும் இறுகவில்லை என்று ஹட்டனிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். வளையம் சரியாக இருந்தால் கைப்பம்பின் உள்ளே இருக்கும் ரப்பரோ வால்வோ போயிருக்கும். பம்பைச் சுற்றி ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். தலையோடு சேர்த்து மாற்றுவதே நல்லது.

இன்னொன்று: டொல்பினுக்குப் பின் வந்த கேடிஎச் ஹைஏஸ் வைத்திருப்பவர்கள் பலர் இதையே செய்யலாமா என்று கேட்கிறார்கள். தண்ணீர் எடுப்பது, வளையம் பார்ப்பது வரை செய்யலாம். அதைத் தாண்டி இஞ்செக்டர் பக்கம் உள்ள இரும்புக் குழாய்களை எஞ்சின் ஓடும்போது தளர்த்தவே கூடாது. எல்லா இஞ்செக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும், பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்த வேலையை அதற்கான கருவி உள்ள டீசல் கராஜிலேயே கொடுங்கள்.