குழுவுக்கு டிக்கெட் எடுக்கும்முன் பாஸ்போர்ட்டின் அடிவரியைப் பாருங்கள்

குறுகிய கால ஊழியப் பயணத்துக்குக் குழுவாக விமான டிக்கெட் எடுக்கும்போது, பெயர்களைச் சபைப் பதிவேட்டிலிருந்து எடுக்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதன் அடியில் உள்ள இரண்டு வரிக் குறியீட்டைப் பார்த்துப் பெயரைப் பதியுங்கள்.

சபையில் எல்லோரும் ஞானஸ்நானப் பெயரால் அழைக்கப்படுபவர், பாஸ்போர்ட்டில் வேறொரு பெயரில் இருப்பது மிகச் சாதாரணம். டிக்கெட்டை வாங்கியபின் பெயரைத் திருத்தப் பல விமான நிறுவனங்கள் கட்டணம் கேட்கும். சில, புது டிக்கெட்டே எடுக்கச் சொல்லும். அந்த இரண்டு வரிகளில் முதல் வரியில், நாட்டுக் குறியீட்டை அடுத்துக் குடும்பப் பெயர் முதலில், இரண்டு அம்புக்குறிகள் (<<), பிறகு சொந்தப் பெயர் என்று வரும். எது எந்தக் கட்டத்துக்கு என்ற குழப்பமே எழாது. இரண்டாம் வரியில் காலாவதித் தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். போய்ச் சேரும் நாளிலிருந்து இன்னும் 6 மாதமாவது செல்லும்படி பாஸ்போர்ட் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்பதால், அதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு இது போதாது. அதற்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு முறை வைத்திருக்கிறது, கேட்டுவிட்டே பதியுங்கள். மிக நீண்ட பெயர்கள் அடிவரியில் இடமில்லாமல் பாதியில் வெட்டப்பட்டிருக்கும் என்பதால், விசா விண்ணப்பத்துக்கு மேலே அச்சாகியுள்ள முழுப் பெயரையே பாருங்கள். பயணத்துக்குமுன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப்போகிறவரின் விவரங்களைப் புதியது கைக்கு வந்தபின் வாங்குங்கள், எண் மாறிவிடும். வேலை முடிந்ததும் அந்தப் படங்களைத் தவறாமல் அழித்துவிடுங்கள்.