மகளைக் கே.எல். தனியார் பள்ளிக்கு அனுப்புகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஆறாம் ஆண்டு முடியப்போகிறது என்றாலே சிலாங்கூரில் பத்தாங் பெர்சுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கம் தமிழ்ப்பள்ளி வாசலில் ஒரே பேச்சுத்தான். மகளை உள்ளூர் இடைநிலைப்பள்ளியில் சேர்ப்பதா, கே.எல்.-இல் (கோலாலம்பூரில்) பெண்கள் மட்டும் படிக்கும் தனியார் பள்ளிக்கு அனுப்புவதா? தோட்டத்தை விட்டு வெளியேறி லாரி ஓட்டியோ கடை வைத்தோ கொஞ்சம் தலையெடுத்த குடும்பங்கள் இப்போது இரண்டாவதைத்தான் யோசிக்கின்றன. தப்பில்லை. ஆனால் பள்ளியின் பேரையும் கட்டணத்தையும் விசாரிக்கிற அளவுக்கு, பிள்ளையின் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

அந்தப் பள்ளிகளில் பலவற்றுக்கு விடுதி கிடையாது. காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். நம் ஊரிலிருந்து தலைநகருக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அப்பாவும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பள்ளியைப் பார்த்துவிட்டு, "ஒரு மணி நேரந்தாண்ணே, லாத்தார் ரோட்டுல பறந்துறலாம்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை ரோட்டை நம்பி யாராவது ஐந்து வருடத்துக்கு முடிவெடுப்பார்களா? பள்ளி நடக்கிற ஒரு திங்கட்கிழமை, முடிந்தால் மழை நாளில், மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

மணி 7.30-க்கு அடிக்கிறது என்று வையுங்கள். ஈஜோக் தாண்டி லாத்தார் நெடுஞ்சாலையைப் பிடித்தாலும் நகருக்குள் நுழைகிற இடத்தில் நெரிசல் காத்திருக்கும். 5.30-க்கு வண்டி எடுத்தால்தான் நிம்மதி. அப்படியென்றால் பிள்ளை ஐந்து மணிக்கு முன்பே எழுந்து, குளித்து, சடை பின்னி, சாப்பாட்டு டப்பாவைப் பையில் திணிக்க வேண்டும். சுங்கை பூலோவில் இறக்கிவிட்டால் எம்.ஆர்.டி. ரயிலில் போய்விடுவாளே என்பார்கள். முதல் ரயிலே ஆறு மணி வாக்கில்தான். ரயிலை விட்டு இறங்கிப் பள்ளி கேட் வரைக்கும் துணைக்கு யார்? மூன்று மணிக்கு வகுப்பு முடிந்தாலும் புறப்பாட நடவடிக்கை (விளையாட்டு, சங்கம்) உள்ள நாளில் ஐந்தாகும். அதற்கு மேல் வீடு வந்து சேர்ந்து, வீட்டுப்பாடம் எழுதி, எப்போது தூங்குவாள்? வயது பதின்மூன்று. அப்பாவே கொண்டுபோய் விட்டுவிட்டு வீடு திரும்பி மாலையில் மறுபடியும் போவதென்றால் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர், மாதத்துக்கு 4,000. அந்த எண்ணெய்ச் செலவையும் டோல் காசையும் பள்ளிக் கட்டணத்தோடு கூட்டாமல் போடும் கணக்கு கணக்கே இல்லை.

இந்தத் தூரத்துக்குப் பயந்துதான் அடுத்த தவறு வருகிறது. "அண்ணி, வாரத்துல அஞ்சு நாளு ஒங்க வீட்லயே இருந்துக்கட்டும்" என்று கே.எல்.-இல் செந்தூலிலோ கெப்போங்கிலோ இருக்கும் சொந்தத்திடம் பேச்சை முடித்துவிடுகிறோம். அண்ணியும் முகம் முறியாமல் சரி என்பார். இரண்டு அறை அடுக்குமாடி வீட்டில் அவள் எங்கே படுப்பாள், எங்கே உட்கார்ந்து படிப்பாள், சாப்பாட்டுக்கு மாதம் எவ்வளவு கொடுப்பது, காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் யார் போய்க் கூட்டிவருவது என்பதை முதலிலேயே வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். பேசாமல் விட்டால் இரண்டாம் வருடத்தில் உறவும் போகும், படிப்பும் கெடும். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று அண்ணியின் பேரையும் பள்ளியில் எழுதிக் கொடுங்கள்.

பெண்கள் பள்ளி, அதுவும் கான்வென்ட் அல்லது மெதடிஸ்ட் என்று பேர் வந்தால் தனியார் பள்ளிதான் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறைய. 1899-இல் தொடங்கிய புக்கிட் நானாஸ் கான்வென்ட், 1896-இல் தொடங்கிய கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி இரண்டுமே அரசாங்க உதவி பெறும் மிஷன் பள்ளிகள். தனியார் பள்ளிக் கட்டணம் அங்கே கிடையாது. பெண்கள் மட்டும் படிக்கும் சூழல்தான் வேண்டும் என்றால் காசைக் கொட்டுவதற்கு முன் இவற்றில் இடம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

தேர்வு விஷயத்தில் ஏமாறாதீர்கள். சில தனியார் பள்ளிகள் தேசியப் பாடத்திட்டத்தில், இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம். வரை கொண்டுபோகின்றன; சில பிரிட்டிஷ் பாடத்திட்டத் தேர்வான ஐ.ஜி.சி.எஸ்.இ. நடத்துகின்றன. இரண்டாவது வகையில் படித்துவிட்டு, பின்னால் அரசாங்கப் பல்கலைக்கழகமோ அரசாங்க வேலையோ வேண்டும் என்றால் எஸ்.பி.எம். மலாய்மொழியைக் கேட்பார்கள். அதைத் தனியாக எழுத வைக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று சேரும்போதே கேளுங்கள். எஸ்.பி.எம். வழி என்றால் மலாய்மொழி, வரலாறு இரண்டிலும் தேர்ச்சி பெறாமல் சான்றிதழே கிடையாது. தமிழ்ப்பள்ளியிலிருந்து போகும் பிள்ளைக்கு மலாய் தடுமாறும் என்று தெரிந்தால், முதல் வருடத்திலேயே அதற்குத் தனிக் கவனம் உண்டா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி; நீச்சல் குளம் அப்புறம்.

தமிழ்? தேசிய இடைநிலைப்பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு வசதி செய்துதர வேண்டும் என்று 1996 கல்விச் சட்டத்தில் இருக்கிறது. தனியார் பள்ளியில் அதைக் காட்டிக் கேட்க முடியாது. எஸ்.பி.எம்.-இல் தமிழ்மொழி எடுக்க வைக்கும் எண்ணம் இருந்தால் சனிக்கிழமை வகுப்புக்கு உள்ளூரிலேயே ஆசிரியரைப் பார்த்து வையுங்கள்.

காசுக்கு வருவோம். இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கல்விப் பணத்தை எடுத்துக்கலாம் என்று கோப்பிக் கடையில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அது டிப்ளோமா முதல் உயர்கல்விக்குத்தான். இடைநிலைப்பள்ளிக் கட்டணத்துக்குக் கிடைக்காது. உயர்கல்விக்கான அரசாங்கக் கடனான பி.டி.பி.டி.என்.-உம் அப்படியே. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது மாதக் கட்டணம் மட்டும். பதிவுக் கட்டணம், வைப்புத்தொகை, புத்தகம், சீருடை, கணினிக் கட்டணம் எல்லாம் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். வருடா வருடம் கட்டணம் எவ்வளவு ஏறியது என்று பழைய பெற்றோரிடம் கேளுங்கள்; அலுவலகத்தில் கேட்டால் சிரிப்பார்கள்.

பணம் கட்டும் முன் கல்வி அமைச்சின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பள்ளி என்ற பேரில் ஓடும் கற்றல் மையங்கள் சில பள்ளியாகப் பதிவானவையே அல்ல. படிவம் 1-க்கு (இடைநிலைப்பள்ளி முதல் வகுப்புக்கு) அரசாங்கப் பள்ளியில் கிடைக்கும் இடத்தையும் அவசரப்பட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பாதியில் நிறுத்தினால் எவ்வளவு நாளுக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வைப்புத்தொகை போய்விடுமா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளிலேயே தேடிப் படியுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்து புரியவில்லை என்றால், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு அடுத்த நாள் கையெழுத்துப் போடலாம்.