ஆபீஸ் ஸ்விட்ச்சில் போர்ட் செக்யூரிட்டி போடுவது எப்படி

தம்பு செட்டி தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். வீட்டில் சும்மா கிடந்த வைஃபை ரவுட்டரை யாரோ கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிளை சுவர் சாக்கெட்டில் சொருகிவிட்டார். அதுவும் தன் பங்குக்கு ஐபி கொடுக்க ஆரம்பிக்க, பாதி சிஸ்டத்துக்கு நெட் போச்சு. நான் மேஜை மேஜையாகக் குனிந்து பார்த்து, பழைய பில் கட்டுகளுக்குப் பின்னால் அது மினுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. அன்றைக்குப் போட்டதுதான் போர்ட் செக்யூரிட்டி, அதாவது ஸ்விட்ச்சின் ஒரு போர்ட்டில் எந்த மெஷின் பேசலாம் என்பதை அதன் மேக்கை (நெட்வொர்க் கார்டின் அடையாள முகவரி) வைத்துக் கட்டுப்படுத்துவது.

சிஸ்கோ கேடலிஸ்ட் ஸ்விட்ச்சை வைத்துச் சொல்கிறேன். அந்த போர்ட்டின் இன்டர்ஃபேஸுக்குள் போய் முதலில் 'ஸ்விட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்' அடியுங்கள், போர்ட் டைனமிக்கில் இருந்தால் மேற்கொண்டு ஏற்காது. அப்புறம் 'ஸ்விட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி' என்று தொடங்கி மூன்று வரி: 'மேக்சிமம் 1' (ஒரே ஒரு மேக்தான்), 'மேக்-அட்ரஸ் ஸ்டிக்கி' (முதலில் வந்த மேக்கைப் பிடித்து வைக்கும்), 'வயலேஷன் ரெஸ்ட்ரிக்ட்' (வேறு மேக் வந்தால் என்ன செய்வது). கடைசியில் பின்னால் எதுவும் சேர்க்காமல் வெறும் 'ஸ்விட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி'. இந்த வரியைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். இது இல்லாவிட்டால் மேலே அடித்தது எல்லாம் கான்ஃபிக்கில் அழகாக உட்கார்ந்திருக்கும், வேலை மட்டும் நடக்காது. ஐபி போன் வழியாக சிஸ்டம் போகிற போர்ட்டுக்கு 1 பத்தாது, 2 வையுங்கள், சில மாடலில் 3 கேட்கும். அப்லிங்க் (அடுத்த ஸ்விட்ச்சுக்கோ ரவுட்டருக்கோ போகும் போர்ட்) பக்கமே போகாதீர்கள்.

வயலேஷனை நீங்கள் சொல்லாவிட்டால் அது ஷட்டவுன். புது மேக் வந்ததும் போர்ட் எர்-டிசேபிள் ஆகிவிடும், நீங்கள் போய் 'ஷட்டவுன்', 'நோ ஷட்டவுன்' கொடுக்கும் வரை எழாது. தானாக எழ 'எர்டிசேபிள் ரெக்கவரி காஸ் பிசெக்யூர்-வயலேஷன்' இருக்கிறது, டீஃபால்ட்டாக 300 விநாடி, ஆனால் ரவுட்டர் அங்கேயே இருந்தால் எழுந்து மறுபடி படுக்கும். ப்ரொடெக்ட் என்று இன்னொரு வகை இருக்கிறது, அது சத்தமே போடாமல் பாக்கெட்டைத் தூக்கிப்போடும், கணக்கும் கிடையாது, லாகும் கிடையாது, எனக்குப் பிடிக்காது. சின்ன ஆபீஸுக்கு ரெஸ்ட்ரிக்ட் போதும்: தெரியாத மேக்கை மட்டும் தடுக்கும், எண்ணி வைக்கும், லாகும் அனுப்பும்.

முடித்ததும் சேவ் பண்ண 'ரைட் மெமரி' கட்டாயம். ஸ்டிக்கி பிடித்த மேக் ரன்னிங் கான்ஃபிக்கில்தான் இருக்கும். கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் படுத்துவிட்டால் எல்லாம் மறந்துவிடும், மறுபடி யார் முதலில் சொருகுகிறார்களோ அவர்தான் சொந்தக்காரர்.

'ஷோ போர்ட்-செக்யூரிட்டி இன்டர்ஃபேஸ்' போட்டு அந்த போர்ட் நம்பரைக் கொடுத்தால் செக்யூர்-அப் என்று வரவேண்டும், எத்தனை வயலேஷன் என்றும் காட்டும். ஒருவர் ஜன்னலோர சீட்டுக்கு மாறினாலும் தகராறுதான், ஏனென்றால் அவர் மேக் பழைய போர்ட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். 'கிளியர் போர்ட்-செக்யூரிட்டி ஸ்டிக்கி இன்டர்ஃபேஸ்' அடித்துப் பழைய போர்ட்டைத் துடைத்துவிட்டு சேவ் பண்ணுங்கள்.

ஆனால் அந்த வீட்டு ரவுட்டரிலேயே மேக் குளோன் என்று ஓர் ஆப்ஷன் இருக்கும். சிஸ்டத்தின் மேக்கை அதில் போட்டு வான் போர்ட்டில் (இன்டர்நெட் கேபிளுக்கான போர்ட்) சொருகினால் ஸ்விட்ச்சுக்கு வித்தியாசமே தெரியாது. அந்த அளவுக்கு விவரமான ஆள் உங்கள் ஆபீஸில் இருந்தால் 802.1எக்ஸ் (லாகின் அல்லது சான்றிதழ் சரிபார்த்த பிறகே போர்ட்டைத் திறக்கும் முறை) பக்கம்தான் போக வேண்டும்.